கடைசிப் பதினைந்து நிமிடம்

ஜனவரி 6

முகம் தெரியாத அக்காவுக்கு வணக்கம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே சுகம்.

வாரப் பத்திரிகையில், பூட்டுக்காரர் டிவி தொடருக்கான ரசிகர் பக்கத்தில் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். “நம்ம ஆள் மீசையை எடுத்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை” என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை நான்கு தடவை படித்துச் சிரித்தேன். கீழே பெயர் இல்லை, ‘ஒரு லிஃப்ட்காரி’ என்று மட்டும் இருந்தது. அதனால் பத்திரிகை ஆபீஸ் மூலமாக இதை அனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பெண்கள் சிறையில் இருக்கிறேன். மூன்று வருடம் முடிந்தது, இன்னும் ஒன்பது பாக்கி. உறையின் மேலிருக்கும் முத்திரையைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த இடத்தில் நீங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டால் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

இன்னும் படிக்கிறீர்கள் என்றால் ஓர் உதவி. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எங்களை டிவி அறையில் உட்கார வைப்பார்கள். நாலே முக்காலுக்குத் தலை எண்ணும் மணி அடிக்கும். டிவியை அணைத்துவிட்டு வரிசையில் போய் நிற்க வேண்டும். தொடர் முடிவதோ ஐந்து மணிக்கு. மூன்று வருடமாகப் பூட்டுக்காரர் ஒரு பூட்டைக்கூடத் திறந்து நான் பார்த்ததில்லை, அக்கா. பூட்டில் காதை வைப்பார், கண்ணை மூடுவார், “அவசரப்படாதீங்க, பூட்டும் மூச்சு விடணும்ல” என்பார். மணி அடித்துவிடும்.

முந்தாநாள் அந்தக் கிழவர் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாரே ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் என்ன இருந்தது? ஒரு வரி எழுதினால் போதும்.

எனக்குப் பூட்டுக்காரரைப் பிடிக்கும் என்றால் இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். “இங்க இருக்கறவளுக்குப் பூட்டத் தொறக்கறவனைப் புடிக்காம வேற யாரைடி புடிக்கும்?” என்கிறாள் பக்கத்துக் கட்டில்காரி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சீருடை தைக்கிற தையல்காரி


ஜனவரி 13

அன்புத் தங்கச்சிக்கு, இங்கே முழங்கால் வலி ஒன்றைத் தவிர எல்லாம் நல்லபடி. அங்கே உன் உடம்பு எப்படி என்று அடுத்த கடிதத்தில் ஒளிக்காமல் எழுது.

பல் செட்! பெட்டியில் இருந்தது பல் செட்! கிழவரின் பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டுப் பத்திரம் என்று நினைத்து மல்லுக்கு நின்றார்களே, உள்ளே இருந்தது செத்துப்போன மனைவியின் பல் செட், ஒரு பட்டுத் துணியில் சுற்றி. பூட்டுக்காரர் அதைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், மூடித் திரும்பப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். நான் முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன், அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

நான் யார் என்று சொல்ல வேண்டாமா? பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன். ஏழு மாடி. காலை எட்டு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் மாலை வரை ஏற்றமும் இறக்கமும்தான். இந்த ஊரில் என்னைவிட உயர்ந்தவளும் கிடையாது, தாழ்ந்தவளும் கிடையாது. ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகாமல் போனதில் வருத்தமும் இல்லை. ஒரே அறை, ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பூட்டுக்காரரைப் பற்றிப் பேச எனக்கும் ஆள் கிடையாது. நர்சுகளிடம் பேசலாம், ஆனால் நாலாவது மாடி வந்தால் இறங்கிவிடுவார்கள்.

நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் எந்த மாடி என்றுதான் கேட்பேன், என்ன வியாதி என்று கேட்பதில்லை.

இனி ஒவ்வொரு ஞாயிறும் தொடர் முடிந்த கையோடு முடிவை ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிடுகிறேன். என்ன பார்த்தேனோ அதுதான் எழுதுவேன். உப்பு, காரம் எதுவும் நான் சேர்க்கமாட்டேன்.

என் முகவரி பின்பக்கம் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
லிஃப்ட்காரி


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் முழங்கால் தேவலையா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. ஒளிக்கவில்லை, உண்மையாகவே நன்றாக இருக்கிறது. மாதம் ஒரு கடிதம்தான் எழுதலாம் என்பது இங்கே விதி, அதுவும் ஒரே தாள். அதனால்தான் எழுத்து இவ்வளவு பொடியாக இருக்கிறது.

உங்கள் கார்டு வியாழக்கிழமை வருகிறது. எங்கள் கடிதங்களைப் படித்துப் பார்த்து அனுமதிப்பதற்கென்று ஒரு மேடம் இருக்கிறார். ஞாயிறு மாலை தலை எண்ணுவதும் அவர்தான், ஆகவே அவரும் முடிவைப் பார்த்ததில்லை. போன வாரம் கார்டைக் கொடுக்கும்போது, “உன் லிஃப்ட்காரி நல்லாத்தான் எழுதுது. அந்த மாடிவீட்டு டீச்சர் நம்ம ஆளைக் கட்டிக்குமான்னு கேட்டு எழுது” என்றார். நான் கேட்டதாக எழுதச் சொன்னார், அவர் கேட்டதாக அல்ல. கார்டைப் படித்துக் காட்டும்போது எங்கள் வரிசையில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அக்கா, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் கணவர் கை நீட்டுகிறவர். பதினோரு வருடம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அவ்வளவுதான். பெண் அப்போது அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் முதலில் செய்வது, “சத்தத்தைக் கூட்டி வை கண்ணு” என்று அவளிடம் குரல் கொடுப்பதுதான். அன்றைக்கும் சொன்னேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. எதுவும் அவள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

குட்டி என்று கூப்பிடுவேன். அப்போது பதினொன்று, இப்போது பதினான்கு. நாத்தனார் வீட்டில் வளர்கிறாள். ஒரு தடவைகூட வரவில்லை, ஒரு வரி எழுதவில்லை. நான் எழுதுவதெல்லாம் பிரிக்காமல் திரும்பி வருகிறது, உறையில் நாத்தனார் கையெழுத்தோடு. நாத்தனாரைக் குறை சொல்லமாட்டேன். நான் கொன்றது அவளுடைய தம்பியை.

ஆனால் பூட்டுக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர். குட்டி அலமாரிக் கதவில் காதை வைத்துக்கொண்டு, “அவசரப்படாதீங்க” என்று அவரைப் போலவே பேசுவாள். ஞாயிறு நாலு மணிக்கு அந்தப் பாட்டு தொடங்கும்போது, அவளும் எங்கேயோ உட்கார்ந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த முக்கால் மணி நேரம் நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அதற்காகத்தான் மற்ற ஆறு நாளும் எழுந்து பல் தேய்க்கிறேன்.

தாள் முடிந்துவிட்டது.

தங்கை,
தையல்காரி


பிப்ரவரி 24

அன்புத் தங்கச்சிக்கு, முழங்காலுக்கு மூன்றாம் மாடி டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். வலி அப்படியே இருக்கிறது, வாசனை மட்டும் கூடியிருக்கிறது. உனக்குத் தூக்கம் வருகிறதா?

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் ஐந்தாம் மாடி கேட்டவரை இரண்டாம் மாடியில் இறக்கிவிட்டேன். என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை, தங்கச்சி. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத எனக்கு வராது. ஆகவே மேடம் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

டீச்சர் கட்டிக்கொள்ள மாட்டாள். நான் பந்தயம் கட்டுகிறேன். பூட்டுக்காரர் ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் திறப்பார், டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தால் குடையை விரிப்பார், மடக்குவார், விரிப்பார். மழையே இருக்காது. இப்படிப்பட்ட ஆளை ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கிறேன். பூவோடு வருவான், வார்டுக்குள் நுழையாமல் என்னோடே ஏழு மாடியும் ஏறி இறங்கிவிட்டுப் போய்விடுவான்.

குட்டி கட்டாயம் பார்ப்பாள். பதினான்கு வயதில் பிடித்ததை யார் விட்டார்கள்?

உன் அக்கா,
லிஃப்ட்காரி


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு, தூக்கம் வருகிறது. தையல் அறையில் குனிந்தே உட்கார்வதால் கழுத்துதான் பிடித்துக்கொள்கிறது. உங்கள் வாசனை எப்படி இருக்கிறது?

உங்களிடம் இதைக் கேட்கக் கூடாது என்று ஒரு மாதமாக வாயைக் கட்டினேன். முடியவில்லை. உங்கள் கார்டின் மேல் இருக்கும் முத்திரையும் நாத்தனாரிடமிருந்து திரும்பி வரும் உறைகளின் மேல் இருக்கும் முத்திரையும் ஒரே தபால் நிலையத்தினுடையவை. அவர்கள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள், அக்கா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் ரிப்பேர் கடையை ஒட்டிய சந்தில் மூன்றாவது வீடு. பச்சைக் கதவு. முன்னறை ஜன்னல் சந்தைப் பார்த்து இருக்கும்.

பேச வேண்டாம். கதவைத் தட்ட வேண்டாம். நான் கேட்டதாக யாருக்கும் தெரிய வேண்டாம். ஒரு ஞாயிறு நாலு மணிக்கு அந்தச் சந்து வழியாக நடந்து போங்கள், அது போதும். டிவி ஓடுகிறதா, அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாளா, இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அந்த வாரம் உங்களுக்குத் தொடர் போய்விடும் என்று தெரியும். எனக்கும் முடிவு கிடைக்காது. பரவாயில்லை.

அவள் பார்க்கிறாள் என்று தெரிந்துவிட்டால் மீதி ஒன்பது வருடத்தையும் நான் தள்ளிவிடுவேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அக்கா. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தங்கை,
தையல்காரி


ஏப்ரல் 7

அன்புத் தங்கச்சிக்கு, கழுத்துக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடு. அங்கே வெந்நீர் கொடுப்பார்களா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

மூன்று வாரம் கடிதம் எழுதாமல் கார்டாகவே அனுப்பி ஒப்பேற்றினேன் என்பது உனக்குத் தெரியும். முதல் வாரம் முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வாரம் ஞாயிறு டியூட்டி மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அப்படி யாரும் மாற்றவில்லை. உண்மை என்னவென்றால் பயம். ஊர் பேர் தெரியாத ஒருத்திக்கு டிவி கதை எழுதுவது சுலபம், அவள் வீட்டு ஜன்னலுக்கு முன்னால் போய் நிற்பது வேறு விஷயம். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியாதே.

ஆனாலும் கேட்டுவிட்டாய். வருகிற பன்னிரண்டாம் தேதி போகிறேன்.

உன் அக்கா,
லிஃப்ட்காரி


ஏப்ரல் 12, ஞாயிறு, மாலை ஆறு மணி

அன்புத் தங்கச்சிக்கு, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்காரரிடம் பேனா கடன் வாங்கி இதை எழுதுகிறேன். ஆறரைக்குத் தபால் எடுக்க வருவார்கள். அதற்குள் போட்டுவிட வேண்டும்.

பார்த்தேன். குட்டியைப் பார்த்தேன். நன்றாக வளர்ந்துவிட்டாள், முடியைக் கழுத்து வரை வெட்டியிருக்கிறாள். ஜன்னல் திறந்திருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. காலை மடித்து எதிரே உட்கார்ந்திருந்தாள். பூட்டுக்காரர் ஒரு கதவில் காதை வைத்ததும் இவளும் தலையைச் சாய்த்தாள். பிறகு அவர் ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள். முடிவு எனக்குத் தெரியவில்லை. இந்த வாரம் நீயும் நானும் சமம்.

இதை நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கு.

உன் அக்கா,
லிஃப்ட்காரி


ஏப்ரல் 28

அன்புத் தங்கச்சிக்கு, உன் உடம்பு சுகம்தானே? பன்னிரண்டாம் தேதிக் கடிதம் வந்ததா என்று தெரியவில்லை. கார்டு இரண்டு போட்டேன், அவை வந்தனவா என்றும் தெரியவில்லை. ஏப்ரல் மாதத்துக்கான உன் கடிதத்தைக் காணோம். ஒருவேளை மேடம் விடுப்பில் இருக்கிறாரோ என்னவோ.

டீச்சர் நேற்று முன்தினம் தன் வீட்டுக் கதவு பூட்டிக்கொண்டது என்று நம்ம ஆளைக் கூப்பிட்டாள். சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது, ஆனாலும் ஒரு மணி நேரம் பூட்டோடு பேசினார். பந்தயத்தில் நான் தோற்றுவிடுவேன் போலிருக்கிறது. மேடத்திடம் சொல்.

முழங்கால் அப்படியேதான்.

உன் அக்கா,
லிஃப்ட்காரி


மே 19

அன்புத் தங்கச்சிக்கு, உடம்புக்கு ஏதாவதா? ஒரே ஒரு வரி போடு. திட்டியாவது எழுது.

லிஃப்ட்காரி


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு, உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதங்களும் கார்டுகளும் எல்லாமே வந்தன. ஏப்ரலிலும் மேயிலும் தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் தேதி பூட்டுக்காரர் வரவில்லை, அக்கா. நாலு மணிக்கு டிவியைப் போட்டால் கால்பந்து. இறுதிப் போட்டியாம். மணி அடிக்கிற வரை பந்தையே துரத்திக்கொண்டிருந்தார்கள். அறையில் இருந்த முப்பது பேரும் சேர்ந்து திட்டினோம். நான் மட்டும் திட்டிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்தேன். குட்டியும் இப்போது இப்படித்தான் கத்திக்கொண்டிருப்பாள், ஜன்னலுக்கு வெளியே அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. மேடம் அதைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் படித்திருக்கிறார், அந்த ஞாயிறு தொடர் ஓடவில்லை என்று அவருக்கும் தெரியும்.

கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். பிறகு போய்விட்டது. அதுவரை பதினான்கு முடிவுகள் எழுதினீர்கள். மேடம் தன் தங்கையிடம் கேட்டு ஒவ்வொன்றையும் சரிபார்த்தாராம், ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லையாம். அப்படிப்பட்டவர் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் பொய் எழுதுகிறார் என்றால் பார்த்தது எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும்? இரண்டு மாதமாக நானே முடிவு எழுதிப் பார்க்கிறேன். ஒன்றில் அவளுக்கு உடம்பு சரியில்லை. ஒன்றில் வீட்டைவிட்டு ஓடிவிட்டாள். ஒன்றில் செத்தே போயிருந்தாள். அன்றைக்கு மெஷின் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

மணி அடித்த இடத்தில் என்னை நிறுத்தி வைக்காதீர்கள். இதற்கும் கடைசிப் பதினைந்து நிமிடத்தை எழுதிவிடுங்கள். வழக்கம்போல, பார்த்தது மட்டும்.

தங்கை,
தையல்காரி


ஜூன் 16

தங்கச்சி,

குட்டி உயிரோடு இருக்கிறாள், ஆரோக்கியமாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். முதலில் இதைப் படித்துக்கொள். ஒரு நிமிடம் இரு. பிறகு மீதியைப் படி.

நாலு மணிக்குச் சந்துக்குள் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. டிவி சத்தம் இல்லை. பத்து நிமிடம் சைக்கிள் கடை வாசலில் நின்றேன். பிறகு நீ வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன். கதவைத் தட்டினேன். குட்டிதான் திறந்தாள். அத்தை மாடியில் துணி உலர்த்துகிறார் என்றாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் ஒன்றும் யோசித்துக்கொண்டு போகவில்லை. பூட்டுக்காரர் ரசிகர் சங்கத்திலிருந்து வருகிறேன், யார் யார் வீட்டில் பார்க்கிறார்கள் என்று எழுதிக்கொள்கிறோம் என்று உளறினேன். கையில் நோட்டுகூட இல்லை, பேருந்து டிக்கெட்தான் இருந்தது.

“அது எங்க வீட்ல ஓடாது” என்றாள்.

அதோடு வந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை. “நீ அலமாரியில காத வச்சு அவரை மாதிரியே பேசுவியாமே?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் மாறியது. மாடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கதவை ஒருக்களித்து வெளியே வந்தாள்.

“அம்மா அனுப்பினாங்களா?”

நான் தலையாட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள்.

“அந்தப் பாட்டு கேட்டா எனக்குக் கைகால் உதறும். அதான் அத்தை போடறதில்ல. அப்பா ஆரம்பிச்சா அம்மா சத்தத்தைக் கூட்டி வைன்னு சொல்வாங்க. கூட்டினா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சாங்க. எல்லாம் கேக்கும். சுவரு அவ்ளோதான். அன்னைக்கும் நான்தான் கூட்டினேன், கடைசி வரைக்கும் கூட்டினேன். பக்கத்து வீட்டு அங்கிள் வெளியதான் நின்னுட்டிருந்தாரு. நான் கூட்டாம இருந்திருந்தா அவருக்குக் கேட்டிருக்கும், கதவைத் தட்டியிருப்பாரு. அப்பாவும் இருந்திருப்பாரு, அம்மாவும் இங்க இருந்திருப்பாங்க.”

“அப்படி இல்லம்மா” என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே போகத் திரும்பியவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் இப்படிச் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நான் தெனம்... இல்ல, வாராவாரம் பாக்கறேன்னு சொல்லுங்க. சிரிச்சேன்னு சொல்லுங்க. அவங்க அங்க அதத்தான் பாத்துட்டிருப்பாங்க” என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். கதவைச் சாத்தினாள்.

ஆகவே அந்தக் கடிதத்தில் இருந்த பொய் என்னுடையது இல்லை, தங்கச்சி. அவள் சொல்லச் சொன்னதை நான் எழுதினேன். ஜன்னல் திறந்திருந்தது, தலை சாய்த்தாள் என்பதை மட்டும் நான் சேர்த்தேன். நான் சேர்த்த முதல் உப்பு அதுதான்.

மறுநாள் காலை லிஃப்டில் ஏறிய நர்ஸ், “நேத்து நம்ம ஆளைக் காணோமே, கால்பந்து போட்டுட்டாங்களே” என்றாள். நாலாம் மாடியில் லிஃப்டை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். மதியம் தபால் நிலையத்துக்கு ஓடினேன். “பெட்டில போட்டா போட்டதுதாம்மா” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

அந்தக் குழந்தைக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுத்தேன். உனக்கும் ஒன்று கொடுத்திருந்தேன், பார்த்ததைத்தான் எழுதுவேன் என்று. இரண்டையும் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. இதில் எதை மன்னிப்பாய், எதை விடுவாய் என்பது உன் இஷ்டம்.

லிஃப்ட்காரி


ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் முழங்காலைப் பற்றி எழுதாமலே கடிதத்தை முடித்திருந்தீர்கள். எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. இதில் ஒளிவு மறைவு இல்லை. உடம்புக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டது நான்.

மூன்றரை வருடமாக நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீதிபதியிடம்கூட அதைத்தான் சொன்னேன். குழந்தைக்கு எதுவும் தெரியாது ஐயா, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன் என்றேன். ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்த மாதிரி. அவள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறாள்.

அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும், ‘உன் தப்பு இல்லை’ என்று. பன்னிரண்டு தாள் கிழித்திருப்பேன். எழுதினாலும் நாத்தனார் பிரிக்காமல் திருப்பிவிடுவாள். அது போகட்டும், உங்களிடம் கொடுத்தனுப்பலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த வரியைப் படித்த அடுத்த நொடி அவளுக்குத் தெரிந்துவிடும், நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டீர்கள் என்று. அம்மாவுக்குத் தெரியாது என்பதுதான் இப்போது அவள் கையில் இருக்கிற ஒரே நிம்மதி. எனக்குக் கேட்கக் கூடாது என்று அவளும் தன்னால் ஆன மட்டும் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறாள், அக்கா. எனக்கும் எல்லாம் கேட்டுவிட்டது. சொன்னால் அந்த நிம்மதி போகும். சொல்லாவிட்டால் அவள் சுமை அப்படியே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

ஆகவே நீங்கள் அந்தச் சந்துக்கு இனிமேல் போக வேண்டாம். பதினெட்டு வயது ஆகிவிட்டால் துணை இல்லாமல் இங்கே வந்து பார்க்கலாம் என்று மேடம் சொன்னார். இன்னும் நாலு வருடம். வந்தால் நேரில் சொல்வேன். வரமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நானாக இருந்தால் வரமாட்டேன்.

முடிவு எழுதிய கார்டுகளை இனி அனுப்ப வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காக வேண்டுமானால் மேடம் பெயருக்குப் போடுங்கள். டீச்சர் கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் அவர்கள் கை தட்டினார்கள், பந்தயத்தில் நீங்கள் தோற்றதற்கும் சேர்த்து. ஆனால் எனக்கு எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். லிஃப்டில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று எழுதுங்கள்.

ஞாயிறு நாலு மணிக்கு நான் இன்னும் டிவி அறைக்குப் போகிறேன். பாட்டு தொடங்கியதும் எனக்கும் கை உதறுகிறது. மடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தையல் அறையிலேயே இருந்துவிடலாம், மேடமும் விடுவார். ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அதற்காகப் போய் உட்காருகிறேன். மணி அடித்தால் முதலில் எழுந்திருப்பது இப்போது நான்தான்.

முந்தாநாள் என்னை முதல் வரிசையில், டிவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பூட்டுக்காரர் ஒரு கதவில் காதை வைத்தார். என்ன சொல்கிறார் என்று பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்துக் கத்தினாள், “ஏய் தையல்காரி, சத்தத்தைக் கூட்டி வைடி!”

கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான், அக்கா. எனக்குக் கை வரவில்லை.

தங்கை,
தையல்காரி